சிவப்பு நூல் கட்டிய கிழிசல்

படப்பிடிப்புத் தளத்தில் அவனை எல்லாரும் ‘முதுகு’ என்றுதான் கூப்பிட்டார்கள். கதாநாயகர் கூரையிலிருந்து குதிக்கிறார், சுவரை உடைத்துக்கொண்டு போகிறார், ஆகாயத்தில் பறக்கிறார் என்றால் கேமராவுக்குத் தெரிவது இவன் முதுகு. குதித்து முடித்துத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்போது மட்டும் கதாநாயகர் வந்து நின்றுகொள்வார். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. தெருமுனை டீக்கடைக்காரருக்குத்தான் இன்னும் சந்தேகம் தீரவில்லை. “நீங்க எந்த சீன்லங்க வர்றீங்க? நானும் மூணு தடவ பாத்துட்டேன்” என்பார். “எல்லா சீன்லயும் வர்றேன். திரும்பத்தான் மாட்டேன்” என்பான் முதுகு.

அவன் மனைவிக்கு அதே ஸ்டூடியோவில் உடை அறையில் வேலை. அங்கே அவள் ஊசியக்கா. துணியை வெட்டுவதும் தைப்பதும் தையல் மாஸ்டர், கிழிந்துவிட்டால் ஊசியக்கா. துணியின் உள்மடிப்பிலிருந்தே இழையை உருவி, கிழிசலின் குறுக்கே ஒவ்வொன்றாக ஓட்டி, தறியில் நெய்ததுபோல மூடிவிடுவாள். மாஸ்டர் ஒருமுறை பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தேடிவிட்டு, “இங்க கிழியவே இல்லன்னு எழுதிக் கொடுக்கறேன்” என்று எழுந்து போனார். ஊசியக்காவுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்க வேண்டியதுதானே.

வீட்டில் மூன்றாவது ஆள் அவளுடைய அண்ணன். அவரும் அதே ஸ்டூடியோதான். மேலே கப்பி, கப்பியில் கம்பி, கம்பியின் ஒரு முனையில் முதுகு, மறுமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே அண்ணன். முதுகு முதன்முதலாகக் கம்பியில் தொங்கப் போகிறான் என்று தெரிந்ததும் ஊசியக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கயிறு தன் அண்ணன் கையில்தான் இருக்க வேண்டும். “வேற யார் கையிலயும் என் புருஷனத் தொங்க விட மாட்டேன்” என்றாள். அன்றிலிருந்து அப்படித்தான். அவன் மேலே போகும் நேரத்தில் மட்டும் அவள் தளத்துப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாள். உடை அறையில் உட்கார்ந்து, இருக்கிற பொத்தானையே திரும்பத் திரும்பத் தைத்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் எடுத்த படம் ‘ஏழாவது கோளின் காவலன்’. ஏழாவது கோளிலிருந்து ஒருவன் பூமிக்கு வருகிறான். மார்பில் இருக்கும் மின்னல் குறியை ஒருமுறை தொட்டால் நூறு பேர் பலம். இரண்டு முறை தொட்டால் பறப்பான். மூன்று முறை தொட்டால் என்ன ஆகும் என்று டைரக்டருக்கே தெரியாது. அதை இரண்டாம் பாகத்துக்கு வைத்திருந்தார். உலகத்து மின்சாரத்தையெல்லாம் உறிஞ்சிவிடப் பார்க்கும் ஒரு விஞ்ஞானி, அவர் செய்த இயந்திர மனிதன், நிலாவில் பெரிய சண்டை. இயந்திர மனிதன் எண்ணெய் டின்களால் ஆனவன், நடந்தால் பாத்திரக்கடை உருண்டதுபோலச் சத்தம் வரும். ராக்கெட் பலகையும் தகரமும். நிலாவின் தரைக்கு அடுப்புச் சாம்பலும் சிமெண்டும் உப்பும் கலந்து கொட்டியிருந்தார்கள். மொத்த யூனிட்டும் இருமிக்கொண்டே வேலை பார்த்தது.

காவலனுடைய உடை ஒன்றே ஒன்று. கறுப்பு வெள்ளைப் படம். திரையில் வெள்ளி மாதிரி மின்ன வேண்டும் என்று வெளிர்மஞ்சளில் பளபளக்கும் ஒரு மேடைத் திரைச்சீலையை எங்கிருந்தோ பிடித்து வந்தார் மாஸ்டர். அது ஒரு உடைக்குத்தான் வந்தது. கதாநாயகருக்கும் முதுகுக்கும் ஒரே அளவு என்பதால் காலையில் அவர், மத்தியானம் இவன். “எனக்கு முன்னாடி முதுகு போட்டுடக் கூடாது, சூடா இருக்கு” என்பார் கதாநாயகர். நேரில் பார்த்தால் இரண்டு பேருமே அவித்த முட்டையின் மஞ்சள்கரு மாதிரிதான் இருப்பார்கள். வாரம் முழுக்கத் தளத்திலேயே ஒரு பெட்டியில் கிடக்கும் உடை, சனிக்கிழமை சாயங்காலம் ஊசியக்காவோடு வீட்டுக்கு வரும், அலசிக் காய வைக்க. திங்கட்கிழமை காலையில் திரும்பிப் போகும்.

உடை அறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கதைக்காக வேண்டுமென்றே வைத்த கிழிசல், கறை, அழுக்கு எதுவாக இருந்தாலும் அதன் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவார்கள். சிவப்பு நூல் இருந்தால் தொடக் கூடாது. இல்லாவிட்டால் தைக்கலாம், துவைக்கலாம். பிச்சைக்காரன் வேஷத்துச் சட்டையை யாரோ துவைத்து இஸ்திரி போட்டு வைத்த நாளிலிருந்து இந்த ஏற்பாடு.

அந்தச் சனிக்கிழமை உடையை விரித்துப் பார்த்தபோது முதுகுப் பக்கம், இடது தோளுக்குக் கீழே ஒரு கிழிசல் இருந்தது. சாண் நீளம், நடுவில் இரண்டு கிளை. சிவப்பு நூல் இல்லை. நிலா மண் அப்பியிருந்தது. அதற்கும் நூல் இல்லை.

“இது எப்படிங்க கிழிஞ்சுது?”

“பெட்டிக் கொக்கியில மாட்டிருக்கும்” என்றான் முதுகு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

“ஆமாமா, கொக்கிதான்” என்றார் அண்ணன், கேட்காமலே.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊசியைத் தொடுவதில்லை. வாரத்துக்கு ஒருநாள் கண்ணுக்கு விடுமுறை. அன்று பார்த்து விடிந்ததிலிருந்து தூறல். சந்தைக்குப் போக முடியவில்லை. ஆண்கள் இரண்டு பேரும் முட்டையும் ரொட்டியும் வாங்கி வருகிறோம் என்று குடையோடு போய் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். சும்மா இருக்கவும் அவளுக்குத் தெரியாது. அடுப்புக்கு மேலே கொடியில் காய்ந்திருந்த உடையை எடுத்தாள், ஜன்னல் ஓரமாக ஸ்டூலைப் போட்டாள். மூன்று மணி நேரத்தில் கிழிசல் போன இடம் தெரியவில்லை. இஸ்திரி போட்டு மாட்டியபோது, ‘இதுவரைக்கும் தைத்ததிலேயே இதுதான்’ என்று அவளுக்கே தோன்றியது.

பதினோரு மணிக்கு நோட்டுக்காரர் வந்தார். எந்தக் காட்சியில் யார் எந்தக் கையில் கடிகாரம் கட்டியிருந்தார், எத்தனை பொத்தான் திறந்திருந்தது என்று எழுதி வைப்பது அவர் வேலை. ஐம்பது வயசு, எப்போதும் ஏதோ தொலைந்துவிட்ட முகம்.

“நாளைக்கு ஏழு மணிக்கே வரச் சொல்லிட்டாரு டைரக்டர். நிலா செட்டுக்கு நாளைக்குத்தான் கடைசி. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். டிரெஸ் பத்திரமா இருக்கா மா?”

“அதுக்கென்ன சார். உக்காருங்க, டீ போடறேன்.”

“டீ அப்புறம். அந்தக் கிழிசல் பெருசாகாம இருக்கான்னு பாத்துட்டா எனக்கு நிம்மதி.”

“முதுகுல இருந்ததா?”

“அதேதான்.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. உடையைக் கொண்டுவந்து அவர் மடியில் விரித்தாள்.

“எங்கன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்.”

நோட்டுக்காரர் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவள் இடுப்பில் கை வைத்து ரசித்துக்கொண்டு நின்றாள்.

“இது வேற டிரெஸ்ஸா மா?”

“உலகத்துலயே ஒண்ணுதானே சார் இருக்கு.”

“நான் சிவப்பு நூல் கட்டியிருந்தேனே.”

“நூல் இல்ல சார்.”

“வியாழக்கிழமை நானே கட்டினேன் மா. ரெண்டு முடிச்சு.”

“நூல் இருந்தா நான் தொடுவேனா?”

அவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அவள் தண்ணீர் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டுச் சொன்னார்: “வியாழன், வெள்ளி, சனி மூணு நாள் எடுத்த சண்டையில பூரா அந்தக் கிழிசல் தெரியுது. பதினெட்டு ஷாட். மிச்சம் நாளைக்கு. நாளைக்குக் கிழிசல் இல்லன்னா, இல்ல வேற மாதிரி இருந்துதுன்னா, பாதிச் சண்டையில ஒரு முதுகு, பாதிச் சண்டையில ஒரு முதுகு. டைரக்டர் விட மாட்டாரு. முதல்ல இருந்து எடுப்பாரு. நம்மாளு திரும்ப மேல போகணும், திரும்ப அந்த ராக்கெட் மேல விழணும். எத்தனை தடவன்னு யாருக்குத் தெரியும்.”

“விழணுமா? யாரு விழுந்தா?”

நோட்டுக்காரர் டம்ளருக்குள் பார்த்தார். “விழறதுன்னா... மோதறது. நடிப்புதானே மா. நீங்க போட்ட இழையப் பிரிச்சுட்டா பழைய கிழிசல் வந்துடாதா?”

அதுவும் சரிதான் என்று அவள் உடையை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். ஊசிமுனையால் தடவினாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். உள்பக்கம் திருப்பி நகத்தால் நெருடினாள். கால்மணி நேரம் ஆயிற்று. தன் கையால் ஓட்டிய இழை எது, தறியில் ஓடிய இழை எது என்று அவளுக்கே தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, கொஞ்சம் மோசமாகத் தைத்திருக்கலாமே என்று நினைத்தாள்.

“எப்படி இருந்துது, வரைஞ்சு வச்சிருப்பீங்களே?”

அவர் நோட்டைத் திறந்து காட்டினார். ‘இடது தோள், கிழிசல்’ என்று எழுதி, பக்கத்தில் கோழி மிதித்ததுபோல ஏதோ ஒன்று. பிடித்த போட்டோவெல்லாம் முன்பக்கத்திலிருந்து. கழுவப் போன பிலிம் புதன்கிழமைதான் வரும்.

அந்த நேரம் பார்த்து ஆண்கள் இரண்டு பேரும் முட்டைப் பையோடு உள்ளே நுழைந்தார்கள். நோட்டுக்காரரையும், ஜன்னலில் விரித்திருந்த உடையையும் பார்த்தார்கள். அண்ணனுடைய கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. ஊசியக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

“அண்ணா, பையில என்ன?”

“தீப்பெட்டி.”

“காட்டு.”

தீப்பெட்டிதான். அதைச் சுற்றிச் சிவப்பு நூல்.

“ஏன் அவுத்த?”

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். “நூலப் பாத்தா எந்த சீன்னு கேப்ப. சீனச் சொன்னா எப்படிக் கிழிஞ்சுதுன்னு கேப்ப. ஞாயித்துக்கிழமை நீதான் ஊசியத் தொட மாட்டியே. திங்கக்கிழமை காலையில திரும்பக் கட்டிடலாம்னு இருந்தேன்.”

“மழை வரும்னு தெரியல” என்றாள் அவள்.

“தெரியல.”

“சரி, இப்பக் கேக்கறேன். எப்படிக் கிழிஞ்சுது?”

“ராக்கெட் வாலுத் தகரத்துல உரசிடுச்சு” என்றான் முதுகு. “சும்மா, லேசா.”

“நான் உங்களக் கேக்கல.”

அண்ணன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “என் கையில இருந்து வழுக்கிடுச்சு மா. ரெண்டு முழம். தளத்துக் கூரை ஒழுகி, கயிறு நனைஞ்சிருந்துது. துடைச்சிருக்கணும். துடைக்கல. எட்டிப் பிடிச்சுட்டேன், ஆனா அதுக்குள்ள மாப்ள போய் வாலு மேல... டைரக்டர் நல்லா வந்துடுச்சு, கிழிசல் அப்படியே இருக்கட்டும்னுட்டாரு. மூணு நாளாச் சோறு இறங்கல எனக்கு.”

“நான்தான் சொல்ல வேணாம்னேன்” என்றான் முதுகு. “மச்சான் மேல தப்பு இல்ல. உனக்குத் தெரிஞ்சா அவர் மூஞ்சியில நீ முழிக்க மாட்ட. எனக்கு அது வேணாம்.”

அவளுக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. மூன்று நாளாகக் குப்புறப் படுத்தது, வயிற்று வலிக்கு அதுதான் மருந்து என்று சொன்னது, குளித்துவிட்டுச் சட்டையோடு வெளியே வந்தது. பதினான்கு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு ஒரு வயிற்று வலிப் பொய் தெரியாமல் போய்விட்டதே என்று அதுதான் முதலில் வலித்தது.

“சட்டையக் கழட்டுங்க.”

“சார் இருக்காரு.”

“சார் தினம் பாக்கற முதுகுதான்.”

கழற்றினான். இடது தோளுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குப் பொருக்கு கட்டியிருந்தது. சுற்றிலும் கன்றிப்போய் நீலம். அவள் பக்கத்தில் போனாள், தொடப் போனாள், தொடவில்லை. அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. அண்ணன் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். நோட்டுக்காரர் முட்டைகளை எண்ணுவதுபோல் பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுதுகொண்டே பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள். சாண் நீளம், நடுவில் இரண்டு கிளை.

“அந்த ரொட்டி சுத்தின தாள எடுங்க சார்.”

மெழுகு பூசிய மெல்லிய தாள், கீழே இருப்பது தெரியும். துடைத்துவிட்டுக் கணவன் முதுகில் வைத்தாள். அப்புறம் யோசித்தாள்.

“விழும்போது கை எப்படி இருந்துது?”

“மேல. ரெண்டும்.”

“அப்ப மேலதான் இருக்கணும். இல்லன்னா இடம் மாறிடும். அண்ணா, இங்க வா. அவர் ரெண்டு கையையும் தூக்கிப் பிடி.”

அண்ணன் வரத் தயங்கினார். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “வா. இந்தத் தடவ விடாத.”

அண்ணன் வந்து மைத்துனனின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து உயர்த்தினார். அவள் பென்சிலால் காயத்தின் ஓரமாக, மயிலிறகால் தடவுவதுபோல வரைந்தாள். அப்புறம் அவனுக்குக் காவலன் உடையை மாட்டி, அதே மாதிரி கையைத் தூக்கி நிறுத்தி, அதன் மேல் தாளை வைத்துக் குண்டூசி குத்தினாள். கோட்டின் மேலேயே ஊசியால் சின்னச் சின்னப் புள்ளியாகத் துளைத்து, தையலுக்குக் கோடு போடும் நீலச் சுண்ணத்தூளைத் தேய்த்தாள். வெளிர்மஞ்சள் துணியில் கிழிசலின் படம் இறங்கிற்று. இத்தனைக்கும் அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அண்ணன் பிடியை இறுக்கிக்கொண்டே போனார்.

“மச்சான், பிடி கொஞ்சம் தளர்த்துங்க. நான் எங்கயும் போகல.”

“பேசாம இருங்க மாப்ள.”

“ரத்தம் ஓடல மச்சான்.”

“ஓடாட்டி பரவால்ல.”

நோட்டுக்காரர் சிரித்துவிட்டார். ஊசியக்காவுக்கும் சிரிப்பு வந்தது. வாயில் குண்டூசி இருந்ததால் சிரிக்கவில்லை.

இடம் தெரிந்த பிறகு கை தானாகப் போயிற்று. புள்ளிக்குப் புள்ளி ஊசிமுனையை விட்டு நிமிண்டினாள். நாலாவது இடத்தில் அவளுடைய இழை தலையைக் காட்டியது. “வந்தியா” என்றாள். ஒன்றைப் பிடித்து இழுத்ததும் அடுத்தது, அதற்கடுத்தது. காலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து மூடியதை ஒரு மணி நேரத்தில் திறந்தாள். தைக்கும்போது கத்தரித்திருந்த ஓரங்களை டின் மூடியால் தேய்த்துப் பிசிறாக்கினாள். நிலா மண்ணுக்கு வீட்டு அடுப்புச் சாம்பலே போதும் என்று நோட்டுக்காரர் சல்லடையோடு உட்கார்ந்து சலித்தார். எவ்வளவு அழுக்கு, எந்தப் பக்கம் அழுக்கு என்பதெல்லாம் அவர் நோட்டில் சுத்தமாக இருந்தது. வரைவதுதான் அவருக்கு வராது. சாப்பிட உட்கார்ந்தபோது மணி நாலு. ரொட்டியும் அவித்த முட்டையும், எல்லாவற்றிலும் கொஞ்சம் சாம்பல்.

சாப்பிட்டு முடித்ததும் நோட்டுக்காரர் எழுந்துபோய்க் கிழிசலின் ஓரத்தில் சிவப்பு நூலைக் கட்டினார். இந்தத் தடவை மூன்று முடிச்சு.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஊசியக்கா உடை அறைக்குப் போகவில்லை. தளத்துக்குப் போனாள். கையில் காய்ந்த துண்டு ஒன்று. கப்பியிலிருந்து தொங்கிய கயிற்றைக் கீழிருந்து கைக்கு எட்டிய உயரம் வரைக்கும் முழம் முழமாகத் துடைத்தாள். அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் துடைச்சுட்டேன் மா.”

“தெரியும்.”

டைரக்டர் கேமராவில் கண்ணை வைத்து முதுகின் முதுகை வெகு நேரம் பார்த்தார். நோட்டுக்காரர் மூச்சை நிறுத்திக்கொண்டார். டைரக்டர் தலையை எடுத்து, “முதுகு, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லு” என்றார். அவ்வளவுதான். சண்டை மத்தியானத்துக்குள் முடிந்தது. கடைசி ஷாட்டில் காவலன் பூமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆகாயத்தில் போகிறான். அவன் மேலே ஏறியபோது அவள் கண்ணை மூடவில்லை. அண்ணனுக்குப் பின்னால் நின்று கயிற்றின் வால் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிடித்ததால் ஒன்றும் ஆகிவிடாது, அது அவளுக்கும் தெரியும்.

படம் மூன்று மாதம் கழித்து வந்தது. பகல் காட்சிக்கு மூன்று பேரும் போனார்கள்; நடுவில் அவள். நிலாச் சண்டையில் இயந்திர மனிதன் காவலனைத் தூக்கி எறிந்தபோது, வெள்ளி உடை அந்தரத்தில் சட்டென்று இரண்டு முழம் சரிந்து ராக்கெட்டின் வாலில் போய் மோதியது. அதைத்தான் வைத்திருந்தார்கள். தியேட்டர் முழுக்க ‘ஐயோ’ என்றது. காவலன் எழுந்ததும் கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. பார்க்காமல் விட்டதை அவள் இப்போதுதான் பார்த்தாள். ஒரு கையால் கணவன் கையைப் பிடித்தாள். அந்தப் பக்கம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். இன்னொரு கையால் அவர் கையையும் பிடித்துக்கொண்டாள்.

“எது தகரம் கிழிச்சது, எது நீ கிழிச்சது?” என்று முதுகு காதோரம் கேட்டான்.

அவள் படம் முடியும்வரை பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

படம் நன்றாக ஓடியதால் இரண்டாம் பாகத்துக்கு ஏற்பாடு நடந்தது. தையல் மாஸ்டர் பெட்டியிலிருந்து உடையை எடுத்து ஊசியக்காவின் மேஜையில் போட்டார்.

“இதத் தைச்சு வச்சிடு மா. அடுத்த மாசம் வேணும்.”

அவள் உடையை விரித்தாள். கிழிசலின் ஓரத்தில் நோட்டுக்காரர் கட்டிய நூல் தளர்ந்துபோயிருந்தது. அதை அவிழ்க்காமல் இறுக்கி, இன்னும் ஒரு முடிச்சுப் போட்டு, மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

“என்ன மா, அந்தப் படம்தான் முடிஞ்சுதே. எந்த சீனுக்கு இந்த நூலு?”

“வேற துணி வாங்குங்க மாஸ்டர். புதுசா ஒண்ணு தைச்சுக்கலாம். ராத்திரி பகலா உக்காந்து நானும் கூடத் தைச்சுத் தரேன்.”

“இதுக்கு என்ன கேடு? உன் கையில ஒரு காலைப்பொழுது வேலை.”

“அதனாலதான் மாஸ்டர்” என்றாள் ஊசியக்கா. “இது எங்க வீட்டுக்காரர் முதுகு. தைச்சுட்டேன்னா அப்புறம் எனக்கே அடையாளம் தெரியாது.”